கைநாட்டும் கையெழுத்தும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் டெல்லி உள்துறை அமைச்சகத்திலிருந்து சின்னதாக ஓர் அறிவிப்பு வரும். நாகாலாந்து ஆயுதக் குழுக்களுடனான சண்டை நிறுத்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது என்பதுதான் சேதி. குழுக்களின் பெயர்களைப் படிக்கும்போதுதான் நாக்கு சிக்கும். என்.எஸ்.சி.என். (என்.கே.), என்.எஸ்.சி.என். (ஆர்), என்.எஸ்.சி.என். (கே - காங்கோ). இவற்றுக்கெல்லாம் பெரியண்ணனான என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) இந்தப் பட்டியலில் இருக்காது, அதற்கு 2007 முதல் காலவரையற்ற சண்டை நிறுத்தம். நிக்கி சுமி தலைமையிலான குழுவுக்கு வேறு மாதம், வேறு அறிவிப்பு. எதிலும் சேராமல் மியான்மர் காட்டுக்குள் யுங் ஆங் தலைமையில் இன்னொரு (கே) இருக்கிறது.

பெயரின் முன்பாதி எல்லாருக்கும் பொது: நாகாலாந்து தேசிய சோஷலிசக் கவுன்சில். தகராறெல்லாம் அடைப்புக்குறிக்குள்தான். அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆட்களின் தலைப்பெழுத்துகள். ஐ என்றால் ஐசக், எம் என்றால் முய்வா, கே என்றால் கப்லாங். தனி நாடு கேட்டுப் புறப்பட்ட இயக்கம் தலைப்பெழுத்துகளில் வந்து நின்ற கதை ஏறக்குறைய நூறாண்டு நீளமுள்ளது.

அங்கமி, ஆவோ, சேமா, லோதா, கொன்யாக், சாக்கேசாங், தங்குல் என்று நாகர்களில் பல இனங்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. சில இடங்களில் எதிர்மலை ஊர்க்காரர் பேசுவதே இவர்களுக்குப் புரியாது. சந்தையில் சந்தித்துக்கொண்டால் அசாமிய மொழியிலிருந்து பிறந்த நாகாமீஸ்தான் கைகொடுக்கும். ஊர்கள் மலைமுகட்டில் கோட்டைபோல உட்கார்ந்திருக்கும். பகையூர்க்காரன் தலையை வெட்டிக்கொண்டு வருவது ஆண்மைக்கு அடையாளமாக இருந்த காலத்தில், பள்ளத்தாக்கில் வீடு கட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? ஊர்தான் நாடு, ஊர்தான் அரசு. பெரிய ஊராக இருந்தால் அதற்குள்ளேயே ‘கேல்’ எனப்படும் பகுதிகளுக்குள் தனிக் கணக்கு வழக்கு உண்டு.

இந்த ஊர்களை முதன்முதலாக ஒரே கூட்டமாக நிற்க வைத்தது பிரான்ஸ் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். முதல் உலகப் போரில் தொழிலாளர் படைக்கு ஆள் பிடித்த ஆங்கிலேயர்கள் 1917இல் சுமார் 2,000 நாகர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு இனம். ஆனால் பிரான்ஸ் நாட்டுச் சேற்றில் நின்றபோது அவர்கள் எல்லாரையும் பார்த்தவர்களுக்கு ஒரே பெயர்தான், நாகா. திரும்பி வந்தவர்களும் கொஹிமாவில் அரசு வேலை பார்த்தவர்களும் சேர்ந்து 1918இல் ‘நாகா கிளப்’ தொடங்கினார்கள்.

1929 ஜனவரி 10 அன்று சைமன் குழு கொஹிமா வந்தபோது இந்தக் கிளப் ஒரு மனு கொடுத்தது. இருபது பேர் கையெழுத்திட்ட மனு. புதிய அரசியல் சீர்திருத்தங்களில் எங்களைச் சேர்க்காதீர்கள், எங்களைக் கைவிட்டுப் போவதானால் பழையபடி எங்கள் பாட்டை நாங்களே பார்த்துக்கொள்ள விட்டுவிடுங்கள் என்பது சாரம். நாகா தேசியம் பேசுவோர் எல்லாரும் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் ஆவணம் அது. அவர்கள் அவ்வளவாக எடுத்துக்காட்டாத இன்னொரு வாக்கியமும் அதே மனுவில் இருக்கிறது. எங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஆங்கில அரசுதான் எங்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது என்று அந்த இருபது பேரும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். பின்னால் வந்த தலைவர்கள் யாரும் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதில்லை.

இரண்டாம் உலகப் போர் கொஹிமாவைத் தரைமட்டமாக்கியது. 1944இல் துணை ஆணையர் சார்லஸ் பாவ்ஸியின் பங்களா டென்னிஸ் மைதானத்தில் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் ஆடுகள அகல தூரத்தில் நின்று சண்டையிட்டார்கள். அங்கே சண்டை ஓய்ந்ததும் அதே பாவ்ஸி, மாவட்டச் சீரமைப்புக்கென்று நாகா மலைகள் மாவட்டப் பழங்குடிக் கவுன்சிலைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே, 1946இல், அதன் பெயர் நாகா தேசியக் கவுன்சில் (என்.என்.சி.) ஆயிற்று. அரை நூற்றாண்டு துப்பாக்கிச் சண்டைக்கு மூலமான அமைப்புக்குக் கால்கோள் விழா நடத்தியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி.

தொடக்கத்தில் என்.என்.சி. கேட்டது தன்னாட்சிதான். 1947 ஜூனில் அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரியுடன் ஒன்பது அம்ச உடன்பாடு ஏற்பட்டது. எட்டு அம்சங்களில் சிக்கல் இல்லை. பத்தாண்டு கழித்து உடன்பாட்டை நீட்டிக்கலாம் அல்லது புதிய உடன்பாடு செய்துகொள்ளலாம் என்றது ஒன்பதாவது அம்சம். புதிய உடன்பாடு என்றால் விரும்பினால் விலகிப் போகலாம் என்று நாகர்கள் பொருள் கொண்டார்கள். இந்தியாவுக்குள்ளேயே வேறு ஏற்பாடு என்று டெல்லி பொருள் கொண்டது. மை காய்வதற்குள் கவுன்சிலுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஜூலையில் டெல்லி போய்க் காந்தியைப் பார்த்த நாகா குழுவுக்கு அவர் ஆதரவாகப் பேசினார்; அந்தச் சந்திப்பை நாகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 14 அன்று, இந்தியா விடுதலை பெறுவதற்கு முந்திய நாள், நாகா விடுதலை அறிவிக்கப்பட்டது. அதை அன்றைக்கு வெளியுலகில் கவனித்தவர்கள் மிகச் சிலர்.

இந்தக் கட்டத்தில் முன்னுக்கு வந்தவர் அங்கமி ஜாபு ஃபிசோ. 1904இல் கோனோமாவில் பிறந்தவர். 1879-80இல் ஆங்கிலேயப் படையை மாதக்கணக்கில் எதிர்த்து நின்ற ஊர் அது. அந்தப் பெருமை ஊர்க்காரர் ஒவ்வொருவர் நடையிலும் தெரியும் என்பார்கள். முகத்தின் ஒரு பக்கம் வாதத்தால் இழுத்திருக்கும், மெலிந்த உடம்பு. போர்க்காலத்தில் பர்மாவில் ஜப்பானியர் பக்கமும் இந்திய தேசிய ராணுவத்தின் பக்கமும் நின்றார். ஜப்பான் ஜெயித்தால் நாகர்களுக்கு விடுதலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிசகி, ரங்கூன் சிறையில் கிடந்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார்.

ஃபிசோவின் பெரிய சாதனை துப்பாக்கியால் நடந்ததல்ல. 1951 மே 16 அன்று கொஹிமாவில் அவர் தொடங்கிவைத்த பொதுவாக்கெடுப்புதான் அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவான மலையில் வாக்குச் சீட்டு, சின்னம், பெட்டி எதுவும் சரிப்படாது. எனவே கைநாட்டு. கவுன்சில் ஆட்கள் தாளும் மையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மலையேறினார்கள். நடுவீட்டில் அடுப்பெரியும் கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார, ஒவ்வொருவராகப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். தனி நாடு வேண்டும் என்று 99.9 விழுக்காட்டினர் சொன்னதாகக் கவுன்சில் அறிவித்தது. இப்படியொரு விழுக்காட்டைக் கேட்டால் பத்திரிகைக்காரனுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. டெல்லிக்கும் வந்தது, அது தாள்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் 1952 பொதுத்தேர்தலில் நாகா மலைகளில் போட்டியிட ஆளில்லை, வாக்களிக்கவும் ஆளில்லை. அந்த ரேகைகள் வெறும் மை அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

1953 மார்ச்சில் நேரு பர்மியப் பிரதமர் ஊ நூவை அழைத்துக்கொண்டு கொஹிமா வந்தார். திரளான கூட்டம் மைதானத்தில் காத்திருந்தது. அவர்கள் கையில் ஒரு மனு. அதை நேரில் கொடுக்க அனுமதியில்லை என்று மாவட்ட அதிகாரி தடுத்துவிட்டார். பிரதமர்கள் இருவரும் மேடைக்கு வந்ததும் கூட்டம் எழுந்து நடையைக் கட்டியது. சிலர் போகிற போக்கில் பின்புறத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். போகுமிடமெல்லாம் மாலையும் ஆரவாரமும் கண்டு பழகிய மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தலைவர்களைப் பிடிக்கப் போலீஸ் கிளம்பியது, தலைவர்கள் காடு புகுந்தார்கள்.

காட்டுக்குள் போனவுடன் முதல் பலி எதிரி அல்ல, உள்வீட்டு ஆள். கவுன்சிலின் செயலாளர் டி. சக்ரி, ஃபிசோவுக்குச் சொந்தக்காரர், அதே கோனோமா ஊர். கவுன்சிலின் அறிக்கைகள் பலவற்றை எழுதிய கை அவருடையது. ஆயுதம் வேண்டாம், பேசிப் பார்க்கலாம் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். 1956 ஜனவரியில் அவரைக் கடத்திக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஃபிசோவின் கட்டளை என்று ஒரு சாரார், இல்லை என்று ஒரு சாரார். கோனோமாவில் அந்தக் காயம் தலைமுறை கடந்தும் ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 22 அன்று, நீல நிறத்தில் வானவில்லும் நட்சத்திரமும் தீட்டிய கொடியை ஏற்றி நாகாலாந்து கூட்டரசு அறிவிக்கப்பட்டது. அமைச்சருக்குக் கிலோன்ஸர் என்று பெயர், பிரதமர் அதோ கிலோன்ஸர், நாடாளுமன்றம் தாதார் ஹோஹோ. காட்டுக்குள் அரசாங்கம் நடந்தது, வரி வசூலும் நடந்தது.

ராணுவம் வந்தது. ஊர்கள் எரிந்தன. போராளிகளுக்குச் சோறு போகாதபடி பல ஊர் மக்களை ஒரே இடத்தில் வேலிக்குள் அடைத்தார்கள். விளைந்த நெல் மலைச்சரிவில் கிடந்து அழிந்தது. 1958இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் இந்த மலைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது. 1960 ஆகஸ்டில், முற்றுகையில் சிக்கிய காவல் நிலையொன்றுக்குப் பொருள் போட வந்த விமானப் படை டகோட்டாவை நாகர்கள் சுட்டு இறக்கினார்கள். பிடிபட்ட விமானிகளில் சிலர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காட்டில் கைதிகளாக இருந்தார்கள். ஃபிசோ அதற்குள் கிழக்குப் பாகிஸ்தான் வழியாக ஐரோப்பா போய்விட்டார். ஜூரிக்கில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது எல் சால்வடோர் நாட்டுப் பாஸ்போர்ட். பாதிரியார் மைக்கேல் ஸ்காட் உதவியுடன் 1960இல் லண்டன் சேர்ந்தவர் 1990 ஏப்ரல் 30 அன்று அங்கேயே இறந்தார். முப்பது ஆண்டுகள் தலைவர் ஒரு கண்டத்தில், இயக்கம் ஒரு கண்டத்தில்.

தலைவர் இல்லாத இடத்தில் கையெழுத்துகள் வரத் தொடங்கின. ரத்தம் பார்த்துச் சலித்த படித்த நாகர்கள் 1957இல் நாகா மக்கள் மாநாட்டைக் கூட்டினார்கள். 1960 ஜூலையில் அவர்கள் டெல்லியுடன் செய்துகொண்ட பதினாறு அம்ச ஒப்பந்தத்தால் 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து இந்தியாவின் பதினாறாவது மாநிலமாயிற்று. அசாமின் ஒரு மாவட்டமும் ஓர் எல்லைப் பகுதியும் சேர்ந்த சின்னஞ்சிறு நிலத்துக்கு மாநில அந்தஸ்து என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். காட்டில் இருந்தவர்களுக்கோ அது துரோகம். மாநாட்டின் தலைவர் டாக்டர் இம்கோங்லிபா ஆவோ 1961 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்? இந்தக் கேள்வி பிறகு ஒவ்வொரு ஒப்பந்தத்தின் பின்னாலும் நிழலாக வந்தது. ஊருக்கு ஊர் கைநாட்டு வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் அதைத் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

1964 செப்டம்பர் 6 அன்று மலையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் பி.பி. சாலிஹா, மைக்கேல் ஸ்காட் மூவரும் அடங்கிய அமைதிக் குழு செய்த காரியம். சண்டை நிறுத்தம் மீறப்படாமல் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பார்வையாளர்களில் இருவரைத் தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கோவையின் காந்தியர் டாக்டர் எம். அறம், கொஹிமாவின் அமைதி மையத்தை நடத்தி, அந்த எட்டாண்டு அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், பின்னாளில் காந்திகிராமத்தின் துணைவேந்தர். மற்றவர் சென்னை வேப்பேரியில் பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கிக் கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ். ஒரு பக்கம் ராணுவ முகாம், மறுபக்கம் போராளி முகாம், இரண்டு பக்கமும் கொண்டுவரும் புகார்ப் பட்டியல், நடுவில் இவர்கள்.

அந்த அமைதிக்குள்தான் இயக்கம் இனவாரியாக உடைந்தது. இந்திரா காந்தியுடன் ஆறு சுற்றுப் பேசிய அதோ கிலோன்ஸர் குகாதோ சுகாய் சேமா இனத்தவர். பேச்சு பலிக்கவில்லை, பதவி போயிற்று. அவர் தம்பி தளபதி கைத்தோ சேமா 1968 ஆகஸ்டில் பட்டப்பகலில் கொஹிமா நகரில் கொல்லப்பட்டார். நவம்பரில் சேமாக்கள் புரட்சி அரசு என்று தனிக்கடை போட்டார்கள். 1973இல் அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதத்தை ஒப்படைத்து எல்லைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார்கள். காலையில் இந்தியாவைச் சுட்டவர் மாலையில் இந்தியச் சீருடையில் என்றால் அங்கமிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், 1966இன் கடைசியில் தினோசெலி கெய்ஹோவும் துயிங்கலெங் முய்வாவும் சுமார் 130 ஆட்களுடன் கிழக்கே நடக்கத் தொடங்கினார்கள். பர்மாவின் கச்சின் காடுகளைக் கடந்து மூன்று மாதம் போல நடந்து சீனாவின் யுன்னானை அடைந்தார்கள். முய்வா மணிப்பூரின் உக்ருல் பக்கத்துச் சோம்தால் ஊர்க்காரர், தங்குல் இனம், அரசறிவியல் படித்தவர். சீனாவில் துப்பாக்கியும் கிடைத்தது, மாவோவும் கிடைத்தார். பைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு அந்த நாத்திகப் பாடம் எந்த அளவுக்கு இறங்கியது என்பது வேறு கதை. 1872 முதல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் வேலை செய்த மலை அது. பின்னால் முய்வா தொடங்கிய அமைப்பின் பெயரில் சோஷலிசமும் முழக்கத்தில் ‘கிறிஸ்துவுக்காக நாகாலாந்து’ம் ஒரே வரிசையில் நின்றன.

வங்கதேசம் பிறந்ததால் கிழக்குப் பாகிஸ்தான் புகலிடம் போயிற்று. நெருக்கடி நிலையும் வந்தது. களைத்துப்போன கூட்டரசுத் தலைவர்கள் சிலர் 1975 நவம்பர் 11 அன்று ஷில்லாங்கில் ஆளுநர் எல்.பி. சிங்குடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூன்றே அம்சம், ஒரு பக்கம்கூட நிறையாது. இந்திய அரசமைப்பைத் தாமாக முன்வந்து ஏற்பது, ஆயுதங்களை ஒப்படைப்பது, மற்றவற்றைப் பேச நியாயமான அவகாசம். கையெழுத்திட்டவர்களில் ஃபிசோவின் தம்பி கெவி யாலேயும் ஒருவர்.

எல்லாரும் லண்டனைப் பார்த்தார்கள். ஃபிசோ ஒப்பந்தத்தை ஏற்கவும் இல்லை, தூக்கியெறியவும் இல்லை, வாயே திறக்கவில்லை. ஒரு மனிதரின் மௌனம் ஓர் இயக்கத்தை எவ்வளவு தூரம் பிளக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஒரே ஒரு கடிதம் வந்திருந்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பெரும்பான்மை சாய்ந்திருக்கும். கடிதம் வரவில்லை. முய்வாவும், பிரார்த்தனை தவறாத சேமாக்காரரான ஐசக் சிஷி சூவும் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். பர்மாப் பக்கம் நாகா ஊர்களில் செல்வாக்குள்ள ஹேமி இனத்தவர் எஸ்.எஸ். கப்லாங் அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1980 ஜனவரி 31 அன்று பர்மா மலையில் என்.எஸ்.சி.என். பிறந்தது. ஐசக் தலைவர், கப்லாங் துணைத் தலைவர், முய்வா பொதுச் செயலாளர். அடைப்புக்குறி அப்போது இல்லை.

எட்டாண்டு தாங்கிற்று. மோன் மாவட்டத்தில் லோங்வா என்ற கொன்யாக் ஊர் இருக்கிறது. ஊர்த் தலைவரான ஆங்கின் வீட்டுக்கு நடுவே இந்திய - பர்மா எல்லைக்கோடு போகிறது. சமையற்கட்டு ஒரு நாட்டில், படுக்கை இன்னொரு நாட்டில் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்குள் வேடிக்கையாக இருக்கும் அந்தக் கோடு இயக்கத்துக்குள் விஷமாயிற்று. முகாமும் சோறும் பர்மா நாகர்களுடையவை. அதிகாரமும் ஆங்கிலப் பேச்சும் இந்தியப் பக்கத்துத் தங்குல்களுடையவை. ஐசக்கும் முய்வாவும் டெல்லியுடன் ரகசியமாகப் பேசிச் சரணடையப் போகிறார்கள், நம் ஆயுதத்தைப் பறிக்கப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. 1988 ஏப்ரல் 30 அன்று கப்லாங் ஆட்கள் முய்வாவின் முகாமைத் தாக்கினார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்; அதில் பெரும்பாலோர் தங்குல்கள். தப்பியவர்கள் பசியோடு காட்டில் அலைந்தார்கள். கொன்றது பர்மிய ராணுவமும் அல்ல, இந்திய ராணுவமும் அல்ல. அன்றைக்குப் பிறந்தவைதான் (ஐ.எம்.), (கே) என்ற அடைப்புக்குறிகள். சரியாக இரண்டாண்டு கழித்து அதே தேதியில் லண்டனில் ஃபிசோ கண்ணை மூடியதும் மிச்சமிருந்த என்.என்.சி.யும் அவர் மகள் அதினோ பக்கம் ஒன்று, கோதாவ் யந்தான் பக்கம் ஒன்று என்று பிளந்தது.

ஐசக்கும் முய்வாவும் வெளிநாடு போய்ப் பேசும் வித்தையைக் கற்றார்கள். 1995இல் பாரிஸில் நரசிம்ம ராவைச் சந்தித்தார்கள், 1997இல் ஜூரிக்கில் தேவகௌடாவை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சண்டை நிறுத்தம். 2001இல் கப்லாங்கும் டெல்லியுடன் சண்டை நிறுத்தம் செய்தார். அதே ஆண்டு ஜூனில், ஐ.எம். உடனான சண்டை நிறுத்தத்தில் ‘எல்லை வரம்பின்றி’ என்ற சொற்களைச் சேர்த்தபோது மணிப்பூர் பற்றி எரிந்தது. தங்குல் மலைகளை இழந்துவிடுவோம் என்று இம்பாலில் திரண்ட மெய்தேய் மக்கள் சட்டமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். ஜூன் 18 துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சொற்கள் திரும்பப் பெறப்பட்டன.

சண்டை நிறுத்தம் இந்திய ராணுவத்துடன்தான், நாகர்களுக்குள் இல்லை. திமாப்பூரிலும் மற்ற ஊர்களிலும் (ஐ.எம்.) ஆட்களும் (கே) ஆட்களும் தெருவில் ஒருவரையொருவர் வேட்டையாடினார்கள். திமாப்பூருக்குப் பக்கத்தில் ஐ.எம். குழுவுக்கு ஹெப்ரான் என்று விவிலியப் பெயர் சூட்டிய தலைமை முகாம், அமைச்சகங்கள், முத்திரை பதித்த ரசீதுப் புத்தகங்கள். உள்ளூர்க்காரர்கள் இவர்களைச் சுருக்கமாக ‘யூ.ஜி.’ என்பார்கள்; அண்டர்கிரவுண்ட் என்பதன் சுருக்கம். பெயர் என்னவோ தலைமறைவு, வசூல் மட்டும் பட்டப்பகலில். லாரிக்கு வரி, கடைக்கு வரி, அரசு ஊழியர் சம்பளத்தில் பங்கு. ஒவ்வொரு பிளவிலும் புதிதாக ஒரு ரசீதுப் புத்தகம் அச்சாகும். கடைக்காரன் கல்லாவில் நாலைந்து அரசாங்கங்களின் ரசீது கிடக்கும். கோட்பாட்டுச் சண்டை என்று தலைவர்கள் சொன்ன பிளவுகளில் எத்தனை இந்தப் புத்தகங்களுக்காக நடந்தவை என்று கேட்கத் தோன்றுகிறது.

மக்களும் கேட்டார்கள். 2013 அக்டோபர் 31 அன்று திமாப்பூரில் ‘ஒரே அரசு, ஒரே வரி’ என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த டிசம்பரில், பெண்களிடம் ஐ.எம். ஆட்கள் சிலர் முறைகேடாக நடந்தார்கள் என்று கொதித்த சுமி (சேமா) மக்கள் முகலிமி முகாமைச் சூழ்ந்து, தங்கள் பெயரில் போராடுகிறவர்களையே விரட்டியடித்தார்கள்.

இதற்கிடையில் 2009இல் தேவாலயத்தவரும் பெரியவர்களும் எடுத்த முயற்சியில் ஐசக், கப்லாங், என்.என்.சி.யின் சிங்ஞா மூவரும் சமரச உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். கொலைகள் குறைந்தன, பிளவுகள் குறையவில்லை. 2011இல் கோலே கொன்யாக்கும் கிதோவி சிமோமியும் (கே)யிலிருந்து பிரிந்து (கே.கே.) ஆனார்கள். 2015 மார்ச்சில் கப்லாங் சண்டை நிறுத்தத்தை முறிக்க, அதை விரும்பாத வாங்தினும் திகாக்கும் ‘சீர்திருத்தம்’ என்ற (ஆர்) ஆனார்கள். ஜூன் 4 அன்று மணிப்பூரின் சந்தேலில் ராணுவ வண்டிகளைத் தாக்கி 18 படைவீரர்களைக் கொன்றது கப்லாங் குழு. அவர் 2017இல் இறந்ததும் தலைமைக்கு வந்த இந்தியப் பக்கத்து காங்கோ கொன்யாக்கை அடுத்த ஆண்டே இறக்கிவிட்டு, பர்மாப் பக்கத்து யுங் ஆங் உட்கார்ந்தார். காங்கோ எல்லை தாண்டி வந்து இன்னொரு (கே) தொடங்கினார். லோங்வா வீட்டுக் கோடு மறுபடியும்.

2015 ஆகஸ்ட் 3 அன்று டெல்லியில், பிரதமர் மோடி பார்த்திருக்க, முய்வா ஒரு சட்டக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஐசக் அப்போது டெல்லி மருத்துவமனையில். அடுத்த ஜூனில் இறந்தார். அரசுத் தரப்பில் கையெழுத்திட்டவர் ஆர்.என். ரவி. 2019இல் நாகாலாந்து ஆளுநராகவும் 2021 செப்டம்பரில் கிண்டி ராஜ்பவனுக்கும் வந்தவர். தமிழ்நாட்டு வாசகருக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. ஐந்தாண்டு ரகசியமாக இருந்த ஒப்பந்தத்தை 2020 ஆகஸ்டில் ஐ.எம். தானாகவே வெளியிட்டது. இரு தரப்புக்கும் நிலையான ‘புதிய’ உறவு என்ற இடத்தில் ‘புதிய’ என்ற சொல்லை எடுத்துவிட்ட பிரதியை மற்ற நாகா குழுக்களிடம் ரவி காட்டினார் என்பது ஐ.எம். தரப்பின் குற்றச்சாட்டு. மற்ற குழுக்கள் கிதோவி சிமோமி தலைமையில் ஒரே குடையின்கீழ் சேர்ந்து 2017 நவம்பர் 17 அன்று டெல்லியுடன் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருந்தன. தனிக்கொடி, தனி அரசமைப்பு இல்லாமல் தீர்வில்லை என்கிறது ஐ.எம்.; கிடைப்பதை இப்போது வாங்கிக்கொண்டு மற்றதைப் பிறகு பேசலாம் என்கிறார்கள் குடைக்காரர்கள். ஹைதரி உடன்பாட்டின் ஒன்பதாவது அம்சத்தை நினைவிருப்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

2010 மே மாதம் முய்வா சொந்த ஊரான சோம்தாலைப் பார்க்கக் கிளம்பினார். மணிப்பூர் அரசு மாவோ எல்லையில் தடுத்து நிறுத்தியது. திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டதில் இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். அவர் திரும்பிப் போனார். 2025 அக்டோபர் 22 அன்று, 91 வயதில், ஹெலிகாப்டரில் உக்ருல் வந்து இறங்கினார். இளைஞனாக விட்டுப்போன ஊரில் தங்குல் சால்வைகள் போர்த்திய கூட்டம் காத்திருந்தது. கூட்டத்தில் பெரும்பாலோர் அவர் ஊரை விட்டுப் போனபோது பிறந்திருக்கவே இல்லை.